சக்கரக் காலில் ஓர் உலக சாம்பியன்!

ஹாலந்து நாட்டில் குளிர் கடுமையானால் கால்வாய் உறையும். பிளேடு வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு சறுக்கக் கிளம்பிவிடுவார்கள். ஒலிம்பிக்கில் அவர்கள் தங்கம் அள்ளுவது அப்படித்தான். ‘நம்ம காத்திவாக்கத்துல ஐஸ்னா மீன் பெட்டியில இருக்கிறதுதானே!’ என்கிறீர்களா? இருக்கட்டும். பிளேடுக்குப் பதில் சக்கரம். அந்த ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆகியிருக்கிறார் நம்ம தமிழ்நாட்டுப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்.

எடுத்த எடுப்பிலேயே தங்கமா? இல்லைங்க. 2021-ல் கொலம்பியாவில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம். அந்த ரேஸில் ஒரு கூத்து! ஜெயித்துவிட்டோம் என்று கோட்டுக்கு முன்பே கையைத் தூக்கினார் தென்கொரிய வீரர். பின்னால் வந்த தைவான் வீரர் காலை எட்டிப் போட்டார். 0.01 விநாடியில் தங்கம் கைமாறியது!

2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டிலும் ஆனந்த்குமாருக்கு வெண்கலம்தான். மனம் தளரவில்லை. அடுத்த மாதமே சீனாவின் பெய்டைஹேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன்! அங்கேயே 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்.

ஒன்றரை நிமிஷம்கூட இல்லாத ரேஸ்தானே என்று லேசாக நினைக்காதீர்கள். முழங்காலை மடக்கி, முதுகைக் குனிந்து, அதே நிலையில் பாய வேண்டும். தொடை, இடுப்பு, அடிமுதுகு மூன்றும் வலுவாக இருந்தால்தான் முடியும். பேலன்ஸும் வேண்டும்.

உங்கள் பிள்ளையும் ஸ்கேட்டிங் ஷூ கேட்கிறானா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் வாசலில் மட்டும் விடாதீர்கள். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சக்கரம் கட்டிய கால் சட்டென்று நிற்காது, லாரியும் நிற்காது. பள்ளியிலோ பூங்காவிலோ சிமென்ட் தளம் இருந்தால், அனுமதி கேட்டு அங்கே அழைத்துப் போங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். முழங்கால், முழங்கை உறைகளோடு மணிக்கட்டு உறையும் வேண்டும். விழும்போது கையைத்தான் முதலில் ஊன்றுவோம்; எலும்பு முறிவது பெரும்பாலும் மணிக்கட்டில்தான். முதல் பாடமே எப்படி விழுவது என்பதாக இருக்கட்டும். தடுமாறினால் முழங்காலை மடக்கி, உறை தரையில் படும்படி முன்பக்கம் சாயப் பழக்குங்கள்.

மெடல் வரும்போது வரட்டும். அதற்குள் பிள்ளையின் கால் உறுதியாகிவிடும். டி.வி. முன்னால் உட்காரும் நேரமும் குறையும். அதுவும் லாபம்தானே!