டீசலில் இறங்கிய கடல்

1993 ஜனவரி 5, விடியற்காலை. சுமார் 85,000 டன் கச்சா எண்ணெயோடு நார்வேயிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டிருந்த ‘பிரேயர்’ கப்பல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளின் அருகே இன்ஜின் அணைந்து நின்றது. பிஸ்டன் உடையவில்லை, பேரிங் உருகவில்லை. மேல்தளத்தில் வைத்திருந்த உதிரி இரும்புக் குழாய்கள் புயலில் கட்டவிழ்ந்து உருண்டு, டீசல் டேங்கின் காற்றுக்குழாய்களை உடைத்திருந்தன. தளத்தில் ஏறிய அலைநீர் அந்த வழியாக டேங்குக்குள் இறங்கிவிட்டது. முதலில் பாய்லர் அணைந்தது. நீராவி இல்லாமல் இன்ஜினுக்கான கெட்டி எண்ணெயைச் சூடாக்க முடியாது என்பதால் இன்ஜினை டீசலுக்கு மாற்றினார்கள். அந்த டீசலில்தான் கடல்நீர்! அன்று முற்பகலே கப்பல் கரைப்பாறையில் ஏறியது. மாலுமிகளை ஹெலிகாப்டர்கள் மீட்டன. சரக்கு முழுவதும் கடலோடு போனது.

பெட்ரோல் இன்ஜினுக்குத் தேவைப்படும் தீப்பொறி டீசல் இன்ஜினுக்கு வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால், கப்பலானாலும் மீன்பிடிப் படகானாலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நடுக்கடலில் தடுமாறி நின்றால் முதல் சந்தேகம் எரிபொருள் வரும் பாதைமேல்தான் விழ வேண்டும். டேங்க், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஃபீட் பம்ப், இரண்டாவது ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில் என்று போகிறது அந்தப் பாதை. பழுது பார்க்கிறவர்களில் பலர் கடைசியிலிருந்து தொடங்கி, விலை கூடிய நாசிலையும் பம்பையும் முதலில் கழற்றுகிறார்கள். டேங்கிலிருந்து வருவதே சரி, செலவும் குறைவு.

அமைதியான கடலில் ஓடும் இன்ஜின் கொந்தளிப்பில் நிற்பதற்குக் காரணம் உண்டு. டேங்கின் அடியில் நீரும் கசடும் படிந்து கிடக்கும். படகு ஆடும்போது அவை கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைத்துவிடும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கட்டிக் கிடக்கும் விசைப்படகில் டேங்க் பாதி காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் தகட்டில் வியர்த்து டீசலுக்கு அடியில் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து வழுவழுப்பான கறுப்புப் பாசி போலத் திரளும். படகைக் கட்டும் முன் டேங்கை நிரப்பிவைப்பதும், தடை முடிந்து இறங்கும் முன் அடிநீரை வடிப்பதும் இதற்காகத்தான்.

காற்றுத் தொல்லை இன்னும் தந்திரமானது. ஃபீட் பம்புக்குப் பின்னால் குழாய் விரிசல் விட்டால் டீசல் சொட்டும், கண்ணில் படும். பம்புக்கு முன்னால் விரிசல் விட்டால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல, டீசலோடு காற்றும் உள்ளே போகும். இன்ஜின் பிடிக்கும், சற்று ஓடும், அணையும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை காற்றை எடுப்பார்கள். எடுத்த பிறகும் மறுபடி காற்று சேர்ந்தால் ஓட்டை இன்னும் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் நைந்த வாஷரோ தளர்ந்த கிளிப்போதான் குற்றவாளி.

குழப்பம் தீரவில்லையா? சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனைப் படகில் நன்றாகக் கட்டிவைத்து, ஃபீட் பம்புக்கு நேராக அதிலிருந்து ஹோஸ் கொடுத்துப் பார்க்கலாம். திரும்பிவரும் டீசலையும் அதே கேனில் விட வேண்டும். இன்ஜின் சீராக ஓடினால் கோளாறு டேங்கிலோ, டேங்குக்கும் பம்புக்கும் இடையிலோ இருக்கிறது. அப்போதும் தடுமாறினால் பம்பிலோ அதற்கு அப்பாலோ தேட வேண்டும். இவ்வளவு எளிய சோதனையைப் பலர் கடைசியாகத்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

புகையும் பேசும். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நாசில் ஒழுகலாம், காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது நீர். நீலம் என்றால் லூப் ஆயில் எரிகிறது. அதற்கு டீசல் பாதையைக் குடைந்து பயனில்லை.

பழைய இன்ஜினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓட்டத்திலேயே நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சத்தம் மாறுகிறதா என்று கேட்பது மெக்கானிக்குகளின் வழக்கம். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்திவிடும். அப்படிப் பட்டால், காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.