பிள்ளைக்குக் கேமிங் கணனி: கொட்டேஷனை வாசிக்கத் தெரிய வேண்டும்

இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் நண்பரொருவர் தன் மகனுக்குக் கேமிங் கணனி ஒன்று வாங்கிக் கொடுத்தார். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தால் வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கு அது. "ஹாஜியார், இது ஐ7, நாலு ஜீபீ கார்ட், லைட் எல்லாம் எரியும்" என்றார் கடைக்காரர். நண்பரும் காசை எண்ணிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "வாப்பா, கேம் இழுபடுது. கோவிக்க வாணாம்."

கணனி வேலை தெரிந்த ஒருவரிடம் பில்லைக் காட்டிய போதுதான் விடயம் விளங்கியது. ஆணியைக் கையில் எடுத்தே தரம் சொல்லும் மனிதர், தனக்குப் பழக்கமில்லாத சாமானில் பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறார். நம்மில் பலருக்கும் இது நடக்கலாம்.

பெயர் ஒன்று, சாமான் வேறு

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே காலத்தில் வந்த இன்டெல் புரொசெசர்களை ஒப்பிடத்தான் உதவும். காலத்தைச் சொல்வது பின்னால் வரும் இலக்கம். அதில் கடைசி மூன்றை விட்டு முன்னால் நிற்பதைப் பாருங்கள். நண்பரின் ஐ7 2600 இரண்டாம் தலைமுறை. 2011 இல் வந்தது. ஐ3 12100 பன்னிரண்டாம் தலைமுறை. 2022 இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான். ஆனால் அந்தச் சின்ன ஐ3 பழைய ஐ7 ஐ வெகுதூரம் பின்தள்ளிவிடும்.

கிரபிக் கார்ட்டிலும் இதே கதைதான். நண்பருக்குக் கிடைத்தது 2014 இல் அறிமுகமான ஜீ.டி. 730. நான்கு ஜீபீ இருந்தது உண்மை. களஞ்சியம் பெரிதாக இருந்தும் வேலையாள் ஒருவர் மட்டுமே என்றால் என்ன பயன்? ஜீ.டி. 1030 இன்னும் மோசமான உதாரணம். 2017 இல் வந்ததன் நினைவகம் வினாடிக்கு 48 ஜீபீ தரவைக் கடத்தும். 2018 இல் அதே பெயரில் வேறு நினைவகத்துடன் வந்தது ஏறத்தாழ 17 ஜீபீயைத்தான் கடத்தும்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளை எந்த கேம் விளையாடுகிறான், எந்த மொனிட்டரில் என்று முதலில் கேளுங்கள். வெலொரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றுக்கு நடுத்தரக் கார்ட் போதும். சைபர்பங்க் 2077 போன்றவை கார்ட்டைப் பிழிந்தெடுக்கும். சாதாரண 1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 இலட்சம். கார்ட்டுக்கு நான்கு மடங்கு வேலை. 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வினாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். அதற்கு மேல் வேகத்துக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரியாது.

நூறு ரூபா கணக்கு

கேமில் என்ன நடக்கிறது என்று புரொசெசர் கணக்கிடுகிறது. அதைக் கார்ட் வரைகிறது. கவுண்டரில் எவ்வளவு விரைவாகப் பில் போட்டாலும், சாமான் கட்டுபவர் மெதுவென்றால் வரிசை அவருடைய வேகத்தில்தான் நகரும். ஒன்றுக்கு மட்டும் காசைக் கொட்டினால் மற்றது அதை வீணாக்கிவிடும்.

மொனிட்டரை நீக்கிவிட்டு, செலவு நூறு ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 40 கார்ட்டுக்கு, 16 புரொசெசருக்கு, 12 மதர்போட்டுக்கு, 9 ரெம்முக்கு, 8 எஸ்.எஸ்.டி.க்கு, 8 பவர் சப்ளைக்கு, 7 கேசிங்குக்கு. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கேள்வியால் ரெம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே வாங்கும் நாளில் அந்தப் பங்கு கூடியிருக்கலாம்.

1080 திரைக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப் உடன் ஆர்.டி.எக்ஸ். 4060 நியாயமான சோடி. இரண்டு புரொசெசர்களுக்கும் ஆறு கோர்கள். 8 ஜீபீ கார்ட் என்பதால் புதிய கனமான கேம்களில் தர அமைப்பைச் சற்றுக் குறைக்க நேரிடும். ரெம் 16 ஜீபீ என்றால் எட்டு எட்டாக இரண்டு துண்டு கேளுங்கள். ஒற்றைத் துண்டில் தரவுப் பாதை பாதியாகிவிடும். எஸ்.எஸ்.டி. கேமை விரைவாகத் திறக்கும். அதன் ஓட்டத்தைப் பெரிதாக வேகப்படுத்தாது.

கைவைக்கக் கூடாத இடம்

கொட்டேஷனில் பெரும்பாலும் வெறும் "600 வொட்" என்று மட்டும் எழுதப்படுவது பவர் சப்ளைதான். கம்பனிப் பெயரும் மொடலும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மேற்சொன்ன கார்ட்டின் தேவை 115 வொட்; புரொசெசருக்கு 65 வொட் என்று குறிக்கப்பட்டிருக்கும். தரமான 550 வொட் தாராளம். தரமற்றது எரிந்தால் மதர்போட்டையும் கார்ட்டையும் சேர்த்தே கொண்டு போகலாம். "80 பிளஸ்" முத்திரை மின்சார விரயத்தை அளப்பதுதான். பாதுகாப்புக்கு முழு உத்தரவாதமல்ல. மின்சாரம் அடிக்கடி போய்வரும் ஊரென்றால் யூ.பி.எஸ்.ஸையும் கணக்கில் சேருங்கள். நம் வெக்கைக்கு, முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேசிங்கைவிடக் காற்றோட்டமான வலைக் கேசிங்கே மேல்.

பாவித்த கார்ட் மலிவாகக் கிடைத்தால் முன்பு எங்கே ஓடியது என்று கேளுங்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட்டுகளால் உண்டாக்கும் முறை நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்ட்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரமாவது கேம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மொடல் இலக்கம், சீரியல் இலக்கம், தனித்தனி வொரண்டிக் காலம் எழுதப்பட வேண்டும். விலையில் வெட் சேர்ந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அது 18 சதவீதமானது. கடைசி நேரத்தில் கூட்டினால் கணக்கே மாறிவிடும்.

நண்பரின் அந்தக் கணனி இப்போது கடையில் பில் போடுகிறது. மகனுக்கு இன்னொன்று வாங்கக் காசு சேர்க்க எட்டு மாதம் பிடித்தது. இரண்டாம் முறை கொட்டேஷனை எழுதியது மகன். ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன்?" என்று கேட்டது வாப்பா. முதல் தடவையே அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த எட்டு மாதமும் மிஞ்சியிருக்கும்.