கோழிச் சீக்கை வைத்துப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து

பிப்ரவரி வாக்கில் பழனி சுற்றுவட்டார ஊர்களில் கால்நடைத் துறையினர் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட வருவார்கள். ஊசி போடாத கூட்டில் சீக்கு புகுந்தால் சில நாட்களில் கூடே காலி. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு விழும். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அடையாளம் காணப்பட்ட வைரஸ் அது. நம் கால்நடை மருத்துவர்களுக்கு ராணிக்கெட்.

இந்த வைரஸைப் புரோஸ்டேட் புற்றுநோய் மீது திருப்பிவிட்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் பணியாற்றிய சுப்பையா இளங்குமரன். அவரும் ஷோபனா, சிபா சாமல் ஆகியோரும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது.

ஏன் கோழி வைரஸ்? மனிதருக்கு அது வந்தால் பெரும்பாலும் கண் சிவக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், அவ்வளவுதான். வைரஸ் நுழைந்ததும் நல்ல செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அதைப் பெருகவிடாமல் அடக்கிவிடுகிறது. புற்றுநோய் செல்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு பழுது; வைரஸ் பெருகி செல்லையே அழித்துவிடும். இதற்குத் தட்டம்மை வைரஸைப் பயன்படுத்தினால், அதற்கு எதிராக நம்மில் பலரிடம் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உண்டு, உள்ளே போனதுமே அடித்துத் துரத்திவிடும். கோழி வைரஸுக்கு அந்தத் தொல்லை குறைவு.

இருந்தும் இது போதாது என்று நினைத்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். இந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய, அதன் மேலுள்ள எஃப் புரதத்தை உடம்பின் ஏதாவதொரு என்சைம் வெட்டித் தர வேண்டும். வெட்டும் இடத்தை மாற்றி எழுதி, ஒரே சாவிக்குத் திறக்கும் பூட்டாக்கினார்கள். சாவி, புரோஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற என்சைம். வயதான ஆண்களுக்கு ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்களே, அதேதான். ரத்தத்தில் அது பெரும்பாலும் வேறு புரதங்களோடு ஒட்டிச் செயலற்றுக் கிடக்கும். வெட்டும் வேகம் புரோஸ்டேட் பக்கம்தான். பிஎஸ்ஏ இல்லாத கோழிக்குள் போனாலும் பெருக வழியில்லை. நோயாளி உடம்பிலிருந்து வெளியேறும் வைரஸ் பண்ணைகளில் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களோடு நின்றது. மனிதருக்கு அனுமதி பெற்ற வைரஸ் மருந்துகள் வேறு: 2005-ல் சீனாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அடினோவைரஸ்; 2015-ல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு, கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடப்படும் ஹெர்பிஸ் வைரஸ். புரோஸ்டேட் புற்றுநோயோடு பழனியிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போகிறவருக்கு இப்போதைக்கு அறுவை, கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சை, கீமோ போன்றவைதான்.