ரோடு போட்ட பிறகு குழாய்

புதிதாகப் போட்ட சிமென்ட் ரோட்டை, ஈரம் காய்வதற்குள் குடிநீர்க் குழாய்க்காக உடைப்பதைப் பார்க்காத ஊர் குறைவு. இதில் யாரும் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க வேண்டியதில்லை. ரோட்டுக்கான பில் சரி, குழாய்க்கான பில்லும் சரி. தணிக்கையில் இரண்டு கோப்பும் தனித்தனியே தேறிவிடும். ஊருக்கோ ஒரு ரோடு போயிற்று. துறைகள் கலந்து பேசாததால் வீணாகும் பணம் எந்தக் கணக்கிலும் நட்டமாகத் தெரியாது. அதனால்தான் கணக்குக் கேட்பவர்கள் வேலைகளின் வரிசையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரே தெருவில் எத்தனை கைகள் என்று பாருங்கள். தெருவிளக்கைப் பராமரிப்பது ஊராட்சி. கம்பமும் மின்சாரமும் மின்வாரியத்துடையவை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்திடமிருந்து வருகிறது. அதை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றித் தெருவுக்கு விடுவது ஊராட்சி. எஸ்டிமேட் போடுவதும் அளவெடுப்பதும் ஒன்றியப் பொறியாளர். பணத்துக்கும் வேலி உண்டு: 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று விதித்தார்கள்.

இத்தனையும் ஒரே தாளில் வரவேண்டிய இடம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம். அதைப் பேச வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022இல் வந்த அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூட்டப்படுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கோரம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவது நம்மிடம் உள்ள பெரிய குறை. கோரம் சேர்ந்துவிடுகிறது, கேள்வி சேர்வதில்லை.

என்ன கேட்பது? முதலில் எம்-புக். வேலையின் அளவுகளைப் பொறியாளர் எழுதும் புத்தகம் அது. பில் அதன்மீதுதான் பாஸாகிறது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கனமீட்டர் கான்கிரீட் விழுந்திருக்க வேண்டும். ரோட்டோரத்தில் டேப் வைத்துப் பார்த்தால் கனம் 10தான் என்றால், விழுந்தது 30. மீதி 15 கனமீட்டர் எங்கே? இதைக் கேட்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையைப் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் இடம் தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் போனிலேயே பார்க்கலாம்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையும் அவசியம்தான். ஆனால் அது வருவதற்குள் ரோடு பெயர்ந்திருக்கும், ஒப்பந்ததாரர் வேறு ஊரில் இருப்பார்.

வரிசையை முன்கூட்டியே கேட்பது இன்னும் மலிவான வழி. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு பெரும்பாலும் அக்டோபர் 2 கூட்டத்தில் தொடங்கும். எந்தத் தெருவில் குழாய் பாக்கி, எங்கே வடிகால் வரப்போகிறது என்று அன்றே கேளுங்கள். அவை முடியாத தெருவில் ரோட்டு வேலை தொடங்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.