தறியும் மாடும் உள்ள வீடு: பள்ளிப்பட்டுக் குடும்பத்தின் சமையல், வளர்ப்புப் பிராணிகள், விடுமுறை

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குக் குடியிருப்பும் பிழைப்பும் ஒரே கூரைக்குக் கீழேதான். முன்கட்டில் விசைத்தறி ஓடும், பின்கட்டில் அடுப்பு எரியும், கொல்லையில் ஒரு மாடோ இரண்டு ஆடுகளோ கட்டியிருக்கும். என்ன சமைப்பது, எந்தப் பிராணியை வளர்ப்பது, விடுமுறையில் எவ்வளவு தூரம் போய்வருவது என்பதையெல்லாம் பெரும்பாலும் தறியும் மாடும்தான் தீர்மானிக்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கிறது பள்ளிப்பட்டு. மொழிவழி மாநிலப் பிரிவினையில் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன பகுதி இது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. ஆந்திரப் பக்கம் நகரியில் அக்காள், புத்தூரில் மாமனார் வீடு என்று இன்றும் உறவு இருபுறமும் உண்டு. வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன.

பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். தறியில் ஆண் நின்றால் ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது பெரும்பாலும் பெண். நாடாவில் தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும், தறி நின்றால் அன்றைய கூலியும் நிற்கும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் வரை இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் தமிழ்நாடு அரசு 1,000 யூனிட்டாக உயர்த்தியது. ஆனால் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்ற கணக்கு அதனால் மாறிவிடவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்க யாராலும் முடியாது.

அதற்கு ஏற்ற சாப்பாடு கேழ்வரகுக் களி. உலை கொதித்ததும் ஒரு கை நொய்யரிசியைப் போட்டுக் குழைய வேகவிடுவார்கள். அதன்மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல், களிக்கட்டையால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு மூடிவிட வேண்டும். குழி வழியாக ஆவி ஏறி மாவு தானாக வேகும். இந்த இடைவெளியில் இரண்டு தார் சுற்றிவிடலாம். பச்சை வாசனை போனதும் பானையை இறக்கி, கட்டி தட்டாமல் கிண்டுவதில்தான் கை வலிக்கும். கையை நனைத்துக்கொண்டு உருட்டினால் உருண்டை ஒட்டாமல் வரும். ராத்திரி மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ் ஆயிற்று. காலைச் சமையல் மிச்சம். எல்லைக்கு அந்தப் பக்கம் இதே பண்டம் சங்கடி. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான். சர்க்கரை நோய்க்குப் பயந்து நகரவாசிகள் இப்போது தேடி வாங்கும் தானியம் இங்கே எப்போதும் அடுக்களையில் இருந்தது.

களிக்குத் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, கருவாட்டுக் குழம்பு, இல்லையென்றால் புளிச்சக்கீரைக் கடைசல். கீரையைக் காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயத்தோடு வேகவைத்து மத்தால் மசித்தால் போதும். கீரையிலேயே புளிப்பு இருப்பதால் புளி கரைக்கும் வேலை இல்லை. வேர்க்கடலை சுற்றுவட்ட நிலங்களிலேயே விளைகிறது.

கோடையில் ஒரு நாள் மட்டும் அடுக்களைக்குத் தறி வழிவிடும். அது ஆவக்காய் போடும் நாள். சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள் அதிகம் என்பதால் ஊறுகாய்க்குக் காய் தேடி அலைய வேண்டியதில்லை. கொட்டை முற்றி ஓடு கெட்டியான புளிப்பு மாங்காயாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு துண்டிலும் ஓட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும்படி வெட்டுவார்கள். ஓடு இருந்தால்தான் துண்டு ஒரு வருஷமானாலும் குழைந்து போகாது. துண்டுகளைத் துணியால் துடைத்து ஈரம் போக்கி, கடுகுத்தூள், மிளகாய்த்தூள், கல்லுப்பு, நல்லெண்ணெய் சேர்த்து ஜாடியில் அமுக்குவார்கள். உப்பும் புளிப்பும் கிருமியை வளரவிடாது, மேலே நிற்கும் எண்ணெய் காற்றை அண்டவிடாது. ஈரக் கரண்டி ஒரு தடவை உள்ளே போனால் இத்தனையும் வீண். ஜாடி பக்கம் பிள்ளைகளை விடாததற்குக் காரணம் அதுதான்.

பிராணிகள் விஷயத்திலும் கணக்கு உண்டு. மாடு இருந்தால் காலையும் மாலையும் பால் ஊற்றலாம், அந்தப் பணம் மளிகைக்கு ஆகும். ஆடு பள்ளிக்கூடச் செலவுக்கு. நாட்டுக்கோழி அடை உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சு. நூல்கட்டு அடுக்கியிருக்கும் வீட்டில் எலி ஒரு ராத்திரி புகுந்தாலும் நஷ்டம். அதனால் பூனைக்கும் இடம் உண்டு. இப்படிப் பயன் கருதி வளர்ப்பதில் பாசம் குறைந்துவிடுகிறது என்று நினைத்தால் தவறு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

எந்தக் கணக்கிலும் அடங்காமல் வீட்டில் இருப்பது நாய்தான். மணி, ராஜா, டாமி என்று ஏதோ ஒரு பெயர். வீட்டில் ஆக்கியதுதான் அதற்கும். அதில் சில எச்சரிக்கைகள் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். குழம்பு ஊற்றிய சோற்றைவிட வெறும் சோறும் மோரும் முட்டையும் அதற்கு நல்லது. நாய்க்கு மனிதனைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அதைத் தகரக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு ஊருக்குப் போவது கொலைக்குச் சமம்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளையொட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம்கள் நடத்துவது வழக்கம். வீட்டு நாய் பிராண்டியதுதானே என்று காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது ஆபத்து. கடித்தாலும் நகம் கீறினாலும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாளும், அதன்பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுவார்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது என்பது தெரிந்தும் இந்த அசட்டை ஏன் என்று புரியவில்லை.

கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. நட்சத்திர ஆமைக்கும் இதே விதிதான். வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

விடுமுறைக்கு வருவோம். நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறியை நிறுத்துவது பழைய வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அமாவாசைக் கணக்கு செல்லாது, வார ஓய்வுதான். இரண்டும் ஒத்துவருவது அபூர்வம். ஒத்துவந்தாலும் சாயங்காலம் பால் கறக்க ஆள் வேண்டும். அதனால் பெரும்பாலான குடும்பங்களின் உல்லாசப் பயணம் விடியலில் கிளம்பி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்புவதாகவே அமைகிறது.

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள், ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக என்பார்கள். டிசம்பர் 31 இரவில் நடக்கும் படித் திருவிழாவும் ஆடிக் கிருத்திகைக் காவடியும் பேர் பெற்றவை. தெற்கே சோளிங்கரில் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். 2024 மார்ச்சில் ரோப் கார் வந்தபின் முழங்கால் வலிக்காரப் பாட்டிமார்களும் போய்வர முடிகிறது. அங்கே குரங்குகள் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல, கையில் பையைக் கண்டால் பறித்துவிடும். பாவம் என்று பழம் நீட்டப் போய்த்தான் அவற்றுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. எல்லைக்கு அப்பால் புத்தூர்ப் பக்கம் கைலாசகோனா அருவி இருக்கிறது. குளிக்கப் போகும் கூட்டத்தில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. திருப்பதி கிட்டத்தில் இருந்தாலும் தரிசனம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு மட்டும் மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு இரவு தங்கும் உத்தேசத்தோடு கிளம்புவார்கள்.

கட்டுச்சோறு இல்லாமல் எந்தப் பயணமும் இல்லை. புளிச்சோறு கெடாமலிருக்க ஒரே சூட்சுமம் ஆறவிடுவது. வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் புளிக்காய்ச்சலைப் பிசற வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி நீராகி உள்ளே சொட்டும். மதியத்துக்குள் ஊசிவிடும். தயிர்ச்சோற்றுக்கு வேறு முறை: குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக்கொண்டு போனால், சாப்பிடும் நேரத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். கூடவே அந்த ஆவக்காய்.

வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்தால் மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் பழவேற்காட்டுக்கே போய்விடலாம். வழியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரி. அதன் கரையிலேயே தொல்பழங்கால அருங்காட்சியகம். இராபர்ட் புரூஸ் பூட் 1863-இல் கண்டறிந்த அத்திரம்பாக்கமும் அருகில்தான். அங்கே கிடைத்த கற்கருவிகளில் சில 3,85,000 ஆண்டுப் பழமையானவை என்று 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பிள்ளைகளுக்குக் கல் பார்ப்பதில் பொறுமை இருக்காது. பழவேற்காட்டு ஏரியில் பூநாரை இறங்கும் மழைக்குப் பிந்தைய மாதங்களில் போனால் அவர்களுக்குக் கொண்டாட்டம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்திரியாக் கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது மேடுதான், அவர்களுடைய கல்லறைகள் பார்க்கத்தக்கவை. படகு ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எந்தத் திட்டமும் உறுதியில்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் தண்ணீர் பள்ளிப்பட்டு வழியாகத்தான் பாயும், தரைப்பாலங்கள் மூழ்கும், அக்கரைக் கிராமங்களுக்குப் போக்குவரத்து அறுந்துபோகும். ஆற்றோரக் கிராமங்களுக்கு அதிகாரிகள் முன்கூட்டி எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த நாட்களில் கரையோரத்தில் மாடு கட்டக் கூடாது, பாலத்தின் மேல் ஒரு சாண் தண்ணீர்தானே என்று வண்டியை இறக்கவும் கூடாது. பயணம் தள்ளிப்போகும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.