உங்களுக்குத் தெரியுமா? நெய்தவரே விற்கும் சந்தைகள்

● ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-ல் இதே தேதியில்தான் கல்கத்தா டவுன் ஹாலில் கூடியவர்கள் அந்நியச் சரக்குகளைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டார்கள். சுதேசி இயக்கம் சூடு பிடித்தது. அதை நினைவில் வைத்து 2015-ல் முதல் கைத்தறி நாள் விழா எடுத்தபோது, அது நடந்த இடம் நம் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு விழா மண்டபம்.

● டெல்லி ஐ.என்.ஏ. பகுதியில் உள்ள 'டில்லி ஹாட்' சந்தை, சாக்கடைக் கால்வாய் ஒன்றை மூடி அதன்மேல் கட்டப்பட்டது. யோசனை ஜெயா ஜேட்லியுடையது, வடிவமைப்பு பிரதீப் சச்தேவாவுடையது. திறந்த ஆண்டு 1994. அங்கே கைவினைக் கடைகள் பெரும்பாலும் யாருக்கும் நிரந்தரமில்லை, 15 நாளுக்கு ஒருமுறை ஆள் மாறும். மதுபனி ஓவியர் கிளம்பினால் அதே இடத்தில் கட்ச் பூவேலைக்காரர் வந்து கடை விரிப்பார். செய்தவரே விற்பதால் இடைத்தரகர் கமிஷன் இல்லை. அதோடு, வாங்க வந்தவர்கள் எந்த நிறத்தைக் கையில் எடுத்தார்கள், எதை அப்படியே கீழே வைத்தார்கள் என்பதையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். கைவினைஞருக்கு இதைவிட உருப்படியான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

● அரியானாவின் ஃபரிதாபாத் அருகே பிப்ரவரியில் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா 1987-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏதாவது மாநிலத்தை முன்னிறுத்துவது அதன் வழக்கம். பெயர் வந்தது பக்கத்தில் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டுக் குளத்தால்.

● டிசம்பரில் நாகாலாந்தின் கிசாமா கிராமத்தில் நடக்கும் ஹார்ன்பில் விழா 2000-ல் தொடங்கியது. ஆட்டமும் பாட்டும் ஒருபுறம் இருக்கட்டும், நாகாப் பெண்களின் இடுப்புத் தறியைப் பாருங்கள். பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், ஒரு முனையைச் சுவரிலோ கம்பத்திலோ கட்டியிருப்பார்கள். மறுமுனை நெய்பவரின் இடுப்புப் பட்டையில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். தறியில் பாதி அவர் உடம்புதான்! துணி அகலமாக வராது என்பதால், பட்டை பட்டையாக நெய்து, சேர்த்துத் தைத்துச் சால்வை ஆக்குகிறார்கள்.

● கைத்தறிக் கண்காட்சியில் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை கிடைத்தால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். லேசாக மேடு தட்டும். குறுக்கு இழையான ஊடையை ஓட்ட உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடி, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஒருவரால் ஆகாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடா கொடுக்க வேண்டும். ஒரு புடவைக்கு இரண்டு பேர் உழைப்பு என்று தெரிந்த பிறகு, அங்கே நின்று பேரம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

● நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்குச் சட்டமும் கிடையாது, வரைந்துவைத்த கோலமும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணியெண்ணியே ஊசி நகர்கிறது. இரண்டு பக்கமும் உடுத்தலாம். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

● இந்தியக் கைவினைக் கழகத்தை 1964-ல் நிறுவியவர் கமலாதேவி சட்டோபாத்யாய. தலைமையகம் சென்னை.

● 1985-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டவை, விசைத்தறியில் நெய்தால் குற்றம். இருந்தும் விசைத்தறித் துணி கைத்தறிப் பெயரில் கடையேறுகிறது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை அதற்காகத்தான். கேட்டு வாங்குங்கள்.

● 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர். நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் கண்காட்சிக் கடைகளில் பணம் வாங்கிப் போடுபவராக நான் அதிகம் பார்ப்பது ஆண்களைத்தான். கடை ஒதுக்கீட்டுக் கடிதமும் ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் நெய்த பெண்ணின் பெயருக்கே போகட்டும். விழா நடத்துபவர்கள் அடுத்த ஆண்டே இதைச் செய்யலாம்.