உப்பு விளையும் மண்ணிலேயே இப்படியா? வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு வேட்டு வைக்கும் அயோடின் இல்லாத கல் உப்பு!

தூத்துக்குடி:

வீட்டில் ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு அட்வைஸ் மழைதான். பப்பாளி தொடாதே, அன்னாசி வேண்டாம், குங்குமப்பூ போட்டு பால் குடிச்சா பிள்ளை சிவப்பா பிறக்கும் என்று அடுக்குவார்கள். ஆனால் அடுப்பங்கரையில் இருக்கும் உப்பு ஜாடியை பற்றி மட்டும் யாரும் வாயை திறப்பதில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் மூளைக்கும் அந்த ஜாடிக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள் நிறைந்த ஊர் தூத்துக்குடி. இங்கிருந்து லாரி லாரியாக உப்பு வெளியூர் போகிறது. அப்படிப்பட்ட தமிழ்நாட்டின் நிலைமை என்ன தெரியுமா? 2018-19-ம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பு 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் வெறும் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே நாம்தான் கடைசி! அதாவது 10 வீட்டை எடுத்தால் கிட்டத்தட்ட 4 வீட்டு உப்பில் தேவையான சத்து கிடையாது.

காரணம் ரொம்ப சாதாரணம். உப்பு பக்கத்திலேயே விளைகிறது, மலிவாக கிடைக்கிறது. தெருவில் மூட்டையோடு வரும் கல் உப்பை மொத்தமாக வாங்கி கொட்டி வைப்பது பல வீடுகளில் காலம் காலமாக நடக்கிற பழக்கம். இது போதாது என்று இப்போது வசதியானவர்கள் வீட்டில் இந்துப்பு மோகம் வேறு. அந்த ரோஸ் கலர் உப்பிலும் பொதுவாக அயோடின் சேர்ப்பது இல்லை.

தாயிடம் கடன் வாங்கும் சிசு

நம் கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, அயோடினை வைத்துத்தான் தைராக்சின் என்ற ஹார்மோனை தயாரிக்கிறது. மூளை செல்கள் பெருகுவது, அது அது தன் இடத்துக்கு நகர்ந்து போய் உட்காருவது, ஒன்றோடு ஒன்று இணைவது எல்லாவற்றுக்கும் இந்த ஹார்மோன் தேவை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கருவில் உள்ள குழந்தையின் தைராய்டு சுரப்பி முழுதாக வேலைக்கு வர சுமார் 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரைக்கும் குழந்தைக்கு சொந்த சரக்கு கிடையாது. தாயின் ரத்தத்தில் இருந்து வருவதுதான். தாயிடமே தட்டுப்பாடு என்றால் பிள்ளைக்கு எங்கே போவது?

பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, கர்ப்பம் என்று உறுதியாகவே 6, 7 வாரம் ஓடிவிடுகிறது. அதற்குள் மூளைக்கு அஸ்திவாரம் போடும் வேலை ஆரம்பித்துவிடும். கல்யாணம் ஆன நாளில் இருந்தே நல்ல உப்பு சாப்பிட்டு வந்த பெண்ணின் தைராய்டில் அயோடின் சேமிப்பு இருக்கும். அந்த சேமிப்புதான் ஆரம்ப வாரங்களில் கைகொடுக்கிறது.

தேவை எவ்வளவு? சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிராமை 10 லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். முழு கர்ப்ப காலத்துக்கும் கூட்டிப்பார்த்தால் 70 மில்லிகிராம்தான் வருகிறது. ஒரு சிட்டிகை கூட தேறாது. அது இல்லாமல்தான் உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றி பிறந்திருக்கின்றன.

இமயமலை அடிவாரத்தில் இந்த கொடுமை அதிகம். மழையும் வெள்ளமும் மண்ணில் உள்ள அயோடினை அடித்துக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். அங்கே காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி தலைமையிலான குழு, அயோடின் கலந்த உப்பை மக்களுக்கு கொடுத்து பார்த்தது. கழுத்தில் கழலையோடு திரிந்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. நாடு முழுவதும் அயோடின் உப்பு வந்ததற்கு அந்த ஆய்வுதான் பிள்ளையார் சுழி.

கடல் உப்புல அயோடின் இருக்காதா?

தூத்துக்குடி பக்கம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கணக்கு போட்டு பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அது ஒரு பொட்டு கூட வீணாகாமல் உப்பிலேயே தங்கினாலும், ஒரு கிராம் உப்புக்கு 2 மைக்ரோகிராம் கூட வராது. சட்டப்படி நம் கைக்கு வரும் உப்பில் கிராமுக்கு குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு டன் உப்பில் சுமார் 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் தெளித்தால் போதும். பெரிய செலவும் கிடையாது.

கல் உப்புதான் ருசி என்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. அயோடின் கலந்த கல் உப்பே பாக்கெட்டில் வருகிறது. அரசு நிறுவனமான தமிழ்நாடு உப்புக் கழகமும் விற்கிறது. பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா, சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சரி. ஆனால் வாங்கி வந்து, அழுக்கு போகட்டும் என்று அலசி ஊற்றினால் வேலைக்கு ஆகாது. அயோடின் கல்லின் மேலேதான் ஒட்டியிருக்கும், தண்ணீரோடு போய்விடும். மூடி போட்ட ஜாடியில், அடுப்பு சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்பு போடுவது நல்லது.

அதற்காக அள்ளி அள்ளி போடவும் கூடாது. ரத்தக்கொதிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து. கொஞ்சமாக போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். மீன், முட்டை, பால், தயிரிலும் அயோடின் கிடைக்கிறது.

மாத்திரை வாங்கி விழுங்கலாமா?

டாக்டரை கேட்காமல் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 1,000 தாய்மார்களையும் பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் லேசான அயோடின் குறைவு இருந்த தாய்மாரின் பிள்ளைகள் 8, 9 வயதில் அறிவுத்திறன் சோதனையிலும் வாசிப்பிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தது தெரியவந்தது. சரி, கர்ப்ப காலத்தில் மாத்திரை கொடுத்தால்? பெங்களூரிலும் பாங்காக்கிலும் லேசான குறைவு உள்ள கர்ப்பிணிகளுக்கு கொடுத்து பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. 5, 6 வயதில் அந்த பிள்ளைகளின் அறிவுத்திறனில் எந்த வித்தியாசமும் இல்லை! வீட்டு உப்பு முதலில் இருந்தே சரியாக இருப்பதற்கு ஈடாக அவசரத்துக்கு விழுங்கும் மாத்திரையை நம்ப முடியாது.

ஏற்கனவே தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் விஷயம் தனி. குழந்தைக்கு ஆகாது என்று பயந்து சிலர் கர்ப்பம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. கர்ப்பத்தில் டோஸை கூட்டத்தான் பெரும்பாலும் வேண்டியிருக்கும். உடனே டாக்டரை பார்த்து ரத்த பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை போட்டால், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது.

இதற்கெல்லாம் மருமகளை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. பல வீட்டில் உப்பு மூட்டையை பேரம் பேசி இறக்குவது மாமியாரோ மாமனாரோதான்.

அயோடின் இல்லாத உப்பை மனிதர்கள் சாப்பிட விற்கக்கூடாது என்று 2006-ம் ஆண்டு மே 17-ந்தேதி முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. மாட்டுத் தீவனம், கருவாடு, தொழிற்சாலை போன்ற உபயோகத்துக்கு மட்டும்தான் அதை விற்கலாம். அதையும் மூட்டையில் எழுதி விற்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.